குஞ்சு காத்த விரால்

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் நடந்தது.

என் பெயர் காஸ்பர். வயது ஐம்பத்தெட்டு. மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் முப்பத்தொரு வருடம் வேதியியல் நடத்தினேன். குடிப்பழக்கம் இல்லை. ஞாயிறு பூசையை, காய்ச்சலில் கிடந்த நாட்கள் தவிர, விட்டதில்லை. கண்ணாடி போட்டால் நூறடி தூரத்துப் பேருந்தின் எண்ணைப் படிப்பேன். இதையெல்லாம் சொல்வது பெருமைக்காக அல்ல. பின்னால் நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு, 'கிழவனுக்குக் கண் மங்கிவிட்டது' என்று ஒருவரும் சொல்லக் கூடாது என்பதற்காக.

நடுராத்திரி, நாய் ஊளை, வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம்... இவற்றை எதிர்பார்த்து வந்தவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். நான் சொல்வது போன வருடம் அக்டோபரில், ஒரு சனிக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு நடந்தது. வெளிச்சம் இருந்தது. தூரத்தில் ஒருவர் எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குத் தூண்டில் போடும் பழக்கம் உண்டு. கடலில் அல்ல, ஏரியில். தக்கை, மண்புழு, தவிட்டு மாவு உருண்டை. இரண்டு கெண்டை கிடைத்தால் அன்று வீட்டில் குழம்பு. கிடைக்காவிட்டால் ஜெபமாலை சொல்லி முடித்த திருப்தியோடு வீடு திரும்புவேன். இப்போது ஒரு புது வகை வந்திருக்கிறது. அவர்களுக்கு மீன் வேண்டாம். மீனோடு ஒரு படம் வேண்டும்.

அச்யுத் அந்த வகை. என் பழைய மாணவன். அடையாறில் அடுக்குமாடி வீடு, சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் வேலை. சுத்த சைவம். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொட மாட்டான். ஆனால் வாரம் தவறாமல் மீன் பிடிப்பான். பிடித்து, வாயில் கொக்கியோடு தூக்கி, தராசில் தொங்கவிட்டு, டேப் வைத்து அளந்து, இந்தப் பக்கம் ஒரு படம், அந்தப் பக்கம் ஒரு படம் எடுத்து, யூடியூபுக்கு நாலு வார்த்தை பேசி, பிறகு தண்ணீரில் விடுவான். அது பாதிச் செத்து, மல்லாந்து, தள்ளாடிப் போகும்.

"நான் உயிரைக் கொல்றதில்ல சார். நீங்கதான் கொழம்பு வைக்கிறீங்க" என்பான்.

பசிக்குப் பிடிப்பவன் பாவி, பொழுதுபோக்குக்கு வாயைக் கிழிப்பவன் புண்ணியவான். காலம் அப்படி.

அந்த வாரம் ராயப்பேட்டையில் ஒரு தூண்டில் கடைக்கு என்னை அழைத்துப் போனான். ஏழடி ராடு, ஜப்பான் ரீல். என் ஒரு மாத ஓய்வூதியம் அதில் அடங்கிவிடும். விராலுக்கென்று ரப்பர் தவளைகள் பதினோரு நிறத்தில் எடுத்து வைத்தான். கடைக்காரர் மேத்யூ எனக்குப் பங்குக் கோவில் வழியாகப் பழக்கம்.

"இந்த ராடு கையில இருக்கறதே தெரியாது சார்" என்றார் மேத்யூ.

"மீனுக்குத் தெரியுமா?" என்றேன்.

"மீனுக்காகவா ராடு வாங்கறாங்க? நீங்க வேற."

அச்யுத்தும் சிரித்தான். தன்னைச் சொல்கிறார்கள் என்பதே உறைக்காத சிரிப்பு.

சனிக்கிழமை மதியம் காரில் வந்தான். பின் சீட்டில் அவன் மகள் ஷ்ரேயா. ஆறு வயது. முன் பல் இரண்டு விழுந்திருந்தது. என்னை 'சார் தாத்தா' என்று கூப்பிடுவாள். அவள் அம்மாவுக்கு அன்று ஆபீஸ் மீட்டிங். கிளம்பும்போது என் போனுக்கு அந்தப் பெண் அழைத்தாள்.

"சார், நீங்க கூடப் போறீங்கன்னுதான் அனுப்பறேன். இவருக்கு மீன் மாட்டிச்சுன்னா உலகமே தெரியாது. பாப்பாவ நீங்க பாத்துக்கோங்க."

"என் பொறுப்பும்மா" என்றேன்.

கொடுத்த வார்த்தை அது. யாரும் என்னிடமிருந்து பிடுங்கி வாங்கவில்லை. நானாகக் கொடுத்தேன்.

ஏரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். வேளச்சேரி தாண்டித் தெற்கே. அங்கே வீடு வாங்கியவர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களைப் பயமுறுத்தி எனக்கு ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. ஏரியை அச்யுத்தான் தேர்ந்தெடுத்தான்.

3.35க்குப் போய்ச் சேர்ந்தோம். கரை ஏறும் இடத்தில் ஒரு டீ வண்டி. ஐம்பது வயது அம்மாள். பெயர் சரோஜாதேவி என்று வண்டியிலேயே எழுதியிருந்தது.

"இன்னா சார், கொயந்தைய வேற இட்டாந்துகிறீங்க" என்றாள்.

"சும்மா வேடிக்கை பாக்கும்மா" என்றேன்.

"பாக்கட்டும். மதகாண்ட மட்டும் போவாதீங்க. அங்க பள்ளம் கீது. மண்ணு எட்த்துட்டானுங்கோ லாரி லாரியா."

அச்யுத் என் காதருகே, "நாம இங்கயே உக்காந்தா அந்தம்மாவுக்கு நாலு டீ ஓடும், அதான்" என்றான். நேராக மதகுக்குத்தான் போனான். அங்கேதான் தாமரை இலையும் கோரையும் அடர்த்தி. விரால் அங்கேதான் நிற்கும்.

நானும் போனேன்.

மதகின் பக்கத்தில் ஒரு புங்க மர நிழல். குழந்தையை அங்கே உட்கார வைத்தேன். அச்யுத் அவள் கையில் போனையும் சிப்ஸ் பாக்கெட்டையும் கொடுத்துவிட்டு, மார்பில் கேமராவைக் கட்டிக்கொண்டான். அதோடு அப்பா வேலை முடிந்தது அவனுக்கு.

நான் ஆழம் பார்த்தேன். தக்கைத் தூண்டில் போடுபவர்கள் முதலில் செய்வது அது. கொக்கியில் ஈயக்குண்டைக் கோத்து, தக்கையை மேலே மேலே நகர்த்தி, குண்டு தரையில் பட்டு நூல் தளரும்வரை இறக்க வேண்டும். கரையிலிருந்து பத்தடி தூரத்தில் போட்டேன்.

பதினான்கு அடி.

அந்த அம்மாள் பொய் சொல்லவில்லை. "அச்யுத், பதினாலு அடிப்பா" என்றேன். அவன் காதில் பாட்டு மாட்டியிருந்தான்.

உறுதி செய்துகொள்ள அதே இடத்தில் இன்னொரு முறை போட்டேன். மணி 4.10.

நான்கு அடியில் நின்றது.

மரக்கட்டை என்றுதான் நினைத்தேன். ஆனால் கட்டையில் பட்டால் கையில் ஒரு 'டக்' தெரியும். இது தெரியவில்லை. மெத்தென்று இறங்கி உட்கார்ந்தது. தலையணைமேல் வைத்ததுபோல. மெதுவாக இழுத்தேன். வரவில்லை. யாரோ குண்டைக் கையில் வாங்கி, என்ன இது என்று பார்ப்பதுபோல ஒரு நொடி...

பிறகு விட்டது.

மூன்றாம் முறை போட்டேன். பதினான்கு அடி.

இடம் மாறி விழுந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேதியியல் வாத்தியாருக்கு எதற்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

4.50. ஷ்ரேயா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சார் தாத்தா, அந்த அங்கிள் ஏன் வெளியவே வரமாட்டேங்கறாரு?"

"எந்த அங்கிள்?"

மதகுக்கு முன்னால் தண்ணீரைக் காட்டினாள். தாமரை இலைகள். ஒரு தட்டான். வேறு ஒன்றும் இல்லை.

"யாரும் இல்லையேம்மா."

"மேல இல்ல. உள்ள."

அவளைத் தூக்கி இன்னும் மேலே, மரத்தின் வேர்மேல் உட்கார வைத்தேன். அருள் நிறைந்த மரியே என்று மனதுக்குள் ஆரம்பித்தேன். அச்யுத்திடம் சொன்னேன். ஒரு காதிலிருந்து மட்டும் எடுத்தான்.

"அவ எப்பவும் ஏதாவது கத சொல்வா சார்" என்றான். மாட்டிக்கொண்டான்.

5.20. ஒரு சத்தம்.

விரால் மூச்சு வாங்க மேலே வரும். காற்றை ஒரு வாய் விழுங்கி இறங்கும். 'க்ளப்'... அவ்வளவுதான். நாற்பது வருடமாகக் கேட்கும் சத்தம். இது அது இல்லை. இது நீளமாக இருந்தது. முங்கு நீச்சலில் அடியாழத்துக்குப் போனவன் மேலே வந்ததும் வாயைத் திறந்து இழுப்பானே... அந்த மூச்சு.

மதகுப் பக்கத்திலிருந்து.

திரும்பிப் பார்த்தேன். வட்ட வட்டமாக அலை விரிந்துகொண்டிருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை.

5.31க்கு அச்யுத் கையை உயர்த்தினான். "சார்... சார்... பாருங்க."

கோரைக்கு அப்பால் தண்ணீர்மேல் தூறல் விழுவதுபோல ஒரு இடம் மட்டும் துள்ளியது. வானத்தில் மேகமே இல்லை. அது விரால் குஞ்சுகள். செம்பருத்தி நிறத்தில், தீக்குச்சி நீளத்தில், ஐந்நூறோ ஆயிரமோ சேர்ந்து ஒரே பந்தாக நகரும். மூச்சு வாங்க எல்லாம் ஒன்றாக மேலே வரும். அதற்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல், பெற்ற மீன் நிற்கும். வாரக்கணக்கில் இரைகூடச் சரியாக எடுக்காமல் காவல் நிற்கும்.

இந்தப் புது வகையினருக்கு இது தங்கப் புதையல். தவளை பொம்மையைக் குஞ்சுகளுக்கு நடுவே வீசினால் போதும். பசிக்காக அல்ல, பிள்ளைகளை எதுவோ தின்ன வந்துவிட்டது என்று அது பாய்ந்து கடிக்கும். எப்பேர்ப்பட்ட முட்டாளும் அந்த மீனைப் பிடிக்கலாம். கையில் குழந்தையோடு நிற்கிற தாய்தகப்பனிடம் கத்தியை நீட்டுகிற வீரம் அது. பிடித்துப் படமெடுத்து அளந்து விடுவதற்குள் ஜிலேபி மீன்கள் வந்து குஞ்சுகளை மேய்ந்துவிடும். திரும்பிப் போகிற மீனுக்கு அங்கே ஒன்றும் இருக்காது.

எங்கள் ஆட்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. குஞ்சோடு நிற்கிற விராலை அடிப்பதில்லை. குடிகாரன்கூட அடிக்க மாட்டான்.

"வேணாம்ப்பா" என்றேன்.

"விட்டுடுவேன் சார்."

"குஞ்சு போயிடும்."

"நேச்சர் பாத்துக்கும் சார்" என்றான். கேமராவைத் தட்டினான். "ஹாய் மக்களே..."

வீசினான். தவளை குஞ்சுப் பந்துக்கு நடுவில் விழுந்தது. குஞ்சுகள் சிதறின.

தண்ணீர் வெடித்தது. 5.38.

பெரிய மீன். ராடு வில்லாக வளைந்தது. ரீல் அலறியது. நான் அந்தச் செயலை வெறுத்தேன். வெறுத்துக்கொண்டே, வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்தேன். கோரைக்குள் போகவிடாதே என்றேன். ராடைத் தூக்கு என்றேன். வலையை எடுத்து நீட்டியதும் நான்தான். அவனைப் பற்றி இவ்வளவு எழுதினேனே, என்னைப் பற்றி இதையும் எழுத வேண்டும்.

ஆறு நிமிடம். ஆறு நிமிடம் நான் மரத்தடியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

5.44க்கு மீன் கரையில் கிடந்தது. தராசு ஆறு கிலோ காட்டியது.

அப்போதுதான் திரும்பினேன்.

மரத்தடியில் சிப்ஸ் பாக்கெட். போன். ஒரு ஜோடி சின்னச் செருப்பு.

குழந்தை இல்லை.

"ஷ்ரேயா..."

"இங்க இருக்கேன் சார் தாத்தா."

குரல் ஏரியிலிருந்து வந்தது.

கரையிலிருந்து பத்தடி தூரத்தில் நின்றாள். தண்ணீர் கணுக்கால் வரைதான். பாவாடை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முடியிலிருந்து நீர் சொட்டியது. எங்களைப் பார்த்துக்கொண்டு நேராக நின்றாள்.

நான் குண்டு போட்ட இடம் அது.

பதினான்கு அடி.

அச்யுத்துக்கு எதுவும் தெரியாது. அவன் ஆழம் பார்க்கவில்லை.

"அங்க ஆழமே இல்ல சார்" என்றான். "பாப்பா, அங்கயே நில்லு. அப்பா மீனோட ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

மீனைத் தூக்கினான். மரத்தடியில் கிடந்த போனை எடுத்தான்.

அந்த நேரத்தில் அவன் முகத்தில் இருந்த சிரிப்பை நான் ஜெபத்தில்கூட மன்னிக்கப் பல நாள் ஆயிற்று.

"ஷ்ரேயா, எப்படிம்மா அங்க போனே?" என்றேன்.

"சிவப்பு மீன் குட்டி பாக்க வந்தேன். வழுக்கிடுச்சு. உள்ள போய்ட்டேன்."

"அப்புறம்?"

"அந்த அங்கிள் தூக்கிட்டாரு."

"எங்கம்மா அங்கிள்?"

குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

"கீழ."

அலை இல்லை. காற்று இல்லை. எருமைக்காரரையும் காணோம்.

"அவர் சொல்றாரு..." என்றாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். "அந்த மீனை விடணுமாம். அது அந்தக் குட்டிங்களுக்கு அப்பா மீனாம்."

நான் அச்யுத் கையிலிருந்து மீனைப் பிடுங்கினேன். கொக்கியின் முள் என் கட்டைவிரலில் ஏறியது. தெரியவில்லை. கழற்றினேன். முழங்கால்போட்டு, இரண்டு கையாலும் தண்ணீரில் வைத்தேன்.

"சார், என்ன சார் பண்றீங்க? ஆறு கிலோ சார்..."

மீன் ஒரு நொடி என் கையிலேயே கிடந்தது. செவுள் அசைந்தது. பிறகு போனது.

நேராகக் குழந்தையின் காலடிக்குப் போனது. அங்கே தண்ணீர் தூறல்போலத் துள்ள ஆரம்பித்தது. சிவப்பாக.

"போதும் பாப்பா, வா" என்று அச்யுத் எரிச்சலோடு இறங்கினான். முதல் அடி முழங்கால். இரண்டாவது அடியில் காணாமல் போனான். தலை, கை, எல்லாம். நான் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். இருமிக்கொண்டு கரையில் விழுந்தான். ஆழம் அவன் முகத்தில் தெரிந்தது.

மகளைப் பார்த்தான்.

அவள் கணுக்காலைப் பார்த்தான்.



"ஐயா" என்றேன். தண்ணீரைப் பார்த்துத்தான் சொன்னேன். "மீனை விட்டாச்சு. பிள்ளையைக் குடுத்துடுங்க."

ஒன்றும் நடக்கவில்லை.

எண்ணினேன். ஒன்று... இரண்டு... ஏழு...

அவள் நகர்ந்தாள்.

நடக்கவில்லை. கால் அசையவே இல்லை.

நின்ற வாக்கில் வந்தாள்.

மெதுவாக. கனமான எதையோ ஒருவர் தூக்கிக்கொண்டு சேற்றில் அடி எடுத்து வைப்பாரே... அப்படி. ஒரு அசைவு. ஒரு நிறுத்தம். ஒரு அசைவு.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் கீழேயிருந்து குமிழி.

க்ளப்.

க்ளப்.

கை எட்டியது. அள்ளினேன்.

அவள் எடை என் கைக்கு வந்த நொடி, தண்ணீருக்கடியில் ஏதோ இறங்கியது. பாரத்தை இறக்கி வைத்த ஆளைப்போல.

பிறகு அந்த மூச்சு. நீளமாக.

மணி 5.52.

அடையாறு சிக்னலில் குழந்தை தூங்கிவிட்டாள். வீட்டில் அவள் அம்மா காலைத் துடைக்கும்போது என்னைப் பார்த்தாள். இரண்டு பாதத்தின் அடியிலும் கறுப்புச் சேறு. கரையில் அந்த மண் கிடையாது, அங்கே செம்மண். ஆழத்தில் மட்டும் இருக்கிற களி அது. ஒவ்வொரு பாதத்திலும் ஒரு பெரிய உள்ளங்கைத் தடம். ஐந்து விரல்.

அவளிடம் உண்மையைச் சொன்னேன். நான் பார்த்துக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்து. அவள் கதவைச் சாத்தினாள். அது நியாயம்தான்.

அடுத்த சனிக்கிழமை தூண்டில் இல்லாமல் தனியாக ஏரிக்குப் போனேன். சரோஜாதேவி என் முகத்தைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவளுக்கு ஆச்சரியமே இல்லை.

"கோதண்டபாணி சார்" என்றாள். "ஆட்டோ ஓட்டிக்கினு இருந்தான். ஆதம்பாக்கம். ரெண்டு வர்சம் ஆச்சு. பொண்ணு கேட்டுச்சுன்னு மீன் புட்ச்சுக் காட்ட இட்டாந்தான். நாலு வயசு. அது வய்க்கி உள்ள பூட்ச்சு. அவனுக்கு நீச்ச தெரியாது. குதிச்சுட்டான்."

"குழந்தை?"

"நல்லா கீது சார். நான் ஓடுறேன்... அது தண்ணி மேல நின்னுகினு கீது. கணுக்கால் தண்ணில. தானா கரைக்கு வந்துச்சு. போலீஸ்ல சொன்னேன். சிரிச்சானுங்கோ."

"அவர்?"

அடுப்பைத் தணித்தாள். "மறுநாளு ஃபயர் சர்வீஸ்காரங்கதான் எட்த்தாங்க. அடில சேத்துல நின்னுகினு இருந்தானாம். படுக்கல சார். நின்னுகினு. கை ரெண்டும் மேல."

கோதண்டபாணியின் உயரம் ஐந்தரை அடி என்றாள். கையைத் தூக்கினால் ஏழு. தண்ணீர் பதினான்கு.

அவள் ஒரு கிளாஸில் டீ ஊற்றி, மதகுச் சுவரில் வைத்துவிட்டு வந்தாள். இரண்டு வருடமாக, கடை திறக்கும் நாளெல்லாம் வைக்கிறாளாம். "குளுருமே சார்" என்றாள். என் ஐம்பத்தெட்டு வருட பக்தி அந்த ஒரு கிளாஸுக்கு முன்னால் நிற்காது.

சரோஜாதேவி சொன்னதை அச்யுத்துக்கும் சொல்லியிருந்தேன். டிசம்பரில் அவன் என் வீட்டுக்கு வந்தான். ஆள் பாதியாகியிருந்தான். லேப்டாப்பைத் திறந்து, பழைய வீடியோ ஒன்றைப் போட்டான். இரண்டு வருடத்துக்கு முந்தையது. அதே ஏரி. எதிர்க்கரை.

அச்யுத் கேமராவைப் பார்த்து விராலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் பின்னால் தண்ணீர். தூரத்தில் மதகு. பதினோராவது நிமிடத்தில், மதகுக்கு முன்னால், ஒரு சின்ன உருவம் தண்ணீர்மேல் நிற்கிறது. ஒரு கையை ஆட்டுகிறது. விடாமல் ஆட்டுகிறது.

வீடியோவில் அச்யுத் திரும்புகிறான். பார்க்கிறான். சிரிக்கிறான். பதிலுக்கு டாட்டா காட்டுகிறான்.

"ஃபேன்ஸ் எல்லா எடத்துலயும் இருக்காங்க மக்களே" என்கிறான்.

அவனுக்கு மீன் மாட்டுகிறது. பிறகு அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

நாற்பதாயிரம் பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர்கூடக் கேட்கவில்லை.

"எனக்குத் தெரியாது சார்" என்றான் அச்யுத். "சத்தியமா அப்ப தெரியாது. போன வாரம்தான் கவனிச்சேன்."

அவன்மேல் எனக்கிருந்த வெறுப்பைக் கொட்ட நல்ல தருணம் அது. ஆனால் அவன் மகளைக் கையில் தாங்கியவரே எதுவும் கொட்டவில்லை. "சட்டை மாத்திக்கிட்டு வரேன், போகலாம்" என்று மட்டும் சொன்னேன்.

சரோஜாதேவி சொன்ன அடையாளத்தில், ஆதம்பாக்கத்தில் ஒரு சந்து. மாடிப்படிக்குக் கீழே ஒரே அறை வீடு. நாங்கள் வருவதாக யாருக்கும் சொல்லவில்லை. கோதண்டபாணியின் மனைவி ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தது மகள். ஆறு வயது. இரட்டைச் சடை.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அச்யுத்தையே பார்த்தாள். வழியில் வாங்கிய பழப்பை அவன் கையில் இருந்தது.

"அம்மா" என்று உள்ளே திரும்பிச் சொன்னாள். "அந்தக் கரை மாமா வந்துட்டாரு."

தையல் மிஷின் நின்றது.

அச்யுத் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

நான் குனிந்து, "உனக்கு இவரைத் தெரியுமாம்மா?" என்றேன்.

"அப்பாதான் காட்டுனாரு. அந்த மாமாவுக்குக் கை ஆட்டு, அவருக்கும் வீட்ல ஒரு பாப்பா கீது, உன்னப் பாத்தா ஓடியாருவாருன்னாரு."

"எப்போம்மா சொன்னாரு? கரையில இருந்தப்பவா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"என்னத் தூக்கிப் புட்ச்சிருந்தப்போ."